மசத்தாக்கா தக்கெத்சுரு

மசத்தாக்கா தக்கெத்சுரு (ஜூன் 20, 1894 – ஆகஸ்ட் 29, 1979) ஜப்பானிய வேதியியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். ஜப்பானிய விஸ்கியின் தந்தை என அழைக்கப்படுகிறார். ஸ்காட்லாந்துக்குச் சென்று அங்குள்ள வடிசாலைகளில் விஸ்கி வடிக்கும் முறையை நேரில் கற்று, அதனைத் தமது நாட்டிற்குக் கொண்டு வந்தவர் இவரே. ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி வடிசாலையான யமசாக்கி வடிசாலையை அமைப்பதில் தலைமைப் பங்கு வகித்தார். பின்னர் ஹொக்கைடோ தீவில் உள்ள யோயிச்சியில் தமது சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனமே பின்னாளில் நிக்கா விஸ்கி எனப் பெயர் பெற்றது. இவருடைய மனைவி ரீட்டா ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்.

இளமையும் கல்வியும்

தக்கெத்சுரு ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள தக்கெஹாரா என்னும் கடலோர ஊரில் பிறந்தார். இவரது குடும்பம் பல தலைமுறைகளாக அரிசியிலிருந்து சாக்கே என்னும் மதுவை வடித்து வந்த குடும்பமாகும். நான்கு ஆண் மக்களில் இவர் மூன்றாமவர். சிறு வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்து மூக்கில் பலத்த காயம் ஏற்பட்டதாகவும், அதன் பின்னரே தமது மோப்பத் திறன் கூர்மை அடைந்ததாகவும் இவர் பின்னாளில் கூறியதுண்டு.

ததனோஉமி நடுநிலைப் பள்ளியில் பயின்றார். பிற்காலத்தில் ஜப்பானின் பிரதமரான ஹயாட்டோ இக்கெதா அப்பள்ளியில் இவருக்கு இளைய மாணவராக இருந்தார். மூத்த சகோதரர்கள் இருவரும் குடும்பத் தொழிலை மேற்கொள்ள விரும்பாததால், அப்பொறுப்பு இவர் மீது விழுந்தது. அதற்கெனவே ஒசாக்கா உயர் தொழில்நுட்பப் பள்ளியில் மது வடித்தல் துறையில் சேர்ந்தார். அங்கே மேனாட்டு மதுவகைகளில் ஆர்வம் கொண்டார். இவ்வார்வமே இவரைக் குடும்பத் தொழிலிலிருந்து வேறு வழியில் இட்டுச் சென்றது.

செட்சு ஷூசோ நிறுவனம்

1916 ஆம் ஆண்டில் ஒசாக்காவில் இருந்த செட்சு ஷூசோ என்னும் மது உற்பத்தி நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் ஜப்பானில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்பட்டவை பெரும்பாலும் உண்மையான விஸ்கி அல்ல. தூய மதுசாரத்தில் வண்ணமும் நறுமணப் பொருட்களும் சர்க்கரையும் கலந்து அவை தயாரிக்கப்பட்டன. இத்தகைய போலிப் பொருட்களுக்கு நீண்ட எதிர்காலம் இல்லை என்று கருதிய நிறுவனத் தலைவர் கிஹெய் அபே, உண்மையான விஸ்கியைத் தமது நிறுவனமே வடிக்க வேண்டும் என விரும்பினார். தலைமைப் பொறியாளராக இருந்த கீச்சிரோ இவாயும் இதனை ஆதரித்தார். தொழிலைக் கற்று வர இளைஞரான தக்கெத்சுரு தேர்ந்தெடுக்கப்பட்டார். குடும்பத் தொழிலைக் கைவிட்டு வெளிநாடு செல்வதற்குப் பெற்றோரின் இசைவை அபேயே நேரில் சென்று பெற்றார்.

1918 ஜூலையில் கோபே துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். முதல் உலகப் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சை மது தயாரிக்கும் முறையைச் சில காலம் கவனித்த பின், அவ்வாண்டு டிசம்பரில் கிளாஸ்கோ நகரை அடைந்தார்.

ஸ்காட்லாந்தில் பயிற்சி

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும் அந்நகரின் ராயல் தொழில்நுட்பக் கல்லூரியிலும் வேதியியல் பாடங்களைப் பயின்றார். ஆனால் வகுப்பறையில் விஸ்கித் தொழிலைக் கற்க இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். விஸ்கி உற்பத்தி குறித்து ஜே. ஏ. நெட்டில்டன் எழுதிய விரிவான நூலைத் துணையாகக் கொண்டிருந்தார். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் எல்ஜின் நகரில் வாழ்ந்த நெட்டில்டனைத் தேடிச் சென்றார். அவர் கேட்ட பயிற்சிக் கட்டணம் தமது சக்திக்கு மீறியதாக இருந்ததால், அப்பகுதியில் உள்ள வடிசாலைகளைத் தாமே அணுகினார்.

இவர் மூன்று வடிசாலைகளில் பயிற்சி பெற்றார்.

லாங்மோர்ன் (ஏப்ரல் 1919): ஸ்பேசைடு பகுதியைச் சேர்ந்த இவ்வடிசாலையில் ஏறத்தாழ ஒரு வாரம் தங்க அனுமதி கிடைத்தது. முளைகட்டிய வாற்கோதுமையைப் பீட் எனும் முற்றா நிலக்கரியின் புகையில் உலர்த்துதல், நொதிக்க வைத்தல், செப்பு வாலையில் இருமுறை வடித்தல் ஆகியவற்றை இங்கே முதன்முறையாக நேரில் கண்டார். வாலையின் உட்புறத்தைத் துப்புரவு செய்வது போன்ற, பிறர் விரும்பாத வேலைகளையும் தாமாகவே ஏற்றுச் செய்தார் எனக் கூறப்படுகிறது.

போனெஸ் (ஜூலை 1919): இங்கே தொடர் வாலையில் தானிய விஸ்கி வடிக்கும் முறையைக் கற்றார். இவ்வாலை, 1830 இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அயர்லாந்தைச் சேர்ந்த ஈனியஸ் காஃபியின் பெயரால் காஃபி வாலை எனப்படுகிறது. காப்பி என்னும் பானத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஹேசல்பர்ன் (1920): கேம்பல்டவுன் நகரில் இருந்த இவ்வடிசாலையில் சில மாதங்கள் தங்கிப் பயின்றார். மேலாளர் பீட்டர் இன்னஸ் தொழிலின் நுணுக்கங்களை இவருக்கு மறைக்காமல் கற்பித்தார். மற்ற இரு இடங்களிலும் பெற்ற அறிவை இங்கேதான் இவர் முழுமை செய்து கொண்டார்.

குறிப்பேடுகள்

தாம் கண்டவற்றையெல்லாம் தக்கெத்சுரு தொடர்ந்து எழுதி வந்தார். ஹேசல்பர்னில் பெற்ற பயிற்சியின் அறிக்கை இரண்டு குறிப்பேடுகளாக அமைந்தது. வாலைகளின் வடிவம், அளவு, குழாய்களின் அமைப்பு, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஆகும் நேரம், பீப்பாய்களைப் பராமரிக்கும் முறை ஆகியவை வரைபடங்களுடன் அதில் பதிவாகியுள்ளன. தொழிலாளரின் ஊதியம், வேலை நேரம் போன்றவற்றையும் இவர் விடாமல் குறித்தார். நாடு திரும்பியதும் இவ்வறிக்கையை இவாயிடம் ஒப்படைத்தார். ஜப்பானில் எழுந்த முதல் மால்ட் விஸ்கி வடிசாலைக்கு இக்குறிப்பேடுகளே அடிப்படை ஆயின.

திருமணம்

கிளாஸ்கோவில் வாழ்ந்த காலத்தில், அருகிலுள்ள கிர்க்கின்டில்லோக் ஊரைச் சேர்ந்த கோவன் குடும்பத்துடன் இவருக்கு அறிமுகம் ஏற்பட்டது. மருத்துவரான அக்குடும்பத் தலைவர் 1918 இல் காலமாகியிருந்தார். அவ்வீட்டுச் சிறுவனுக்கு ஜூடோ கற்றுத்தரச் சென்ற தக்கெத்சுரு, மூத்த மகள் ஜெசி ரொபெர்ட்டாவை விரும்பினார். வீட்டில் ரீட்டா என அழைக்கப்பட்ட அவர் 1896 டிசம்பர் 14 அன்று பிறந்தவர்.

இரு குடும்பங்களும் இத்திருமணத்தை எதிர்த்தன. தாம் ஸ்காட்லாந்திலேயே தங்கிவிடவும் ஆயத்தமாக இருப்பதாகத் தக்கெத்சுரு கூறியபோது, ஜப்பானில் விஸ்கி வடிக்கும் அவரது நோக்கத்திற்குத் தாம் துணை நிற்பதாக ரீட்டா மறுமொழி அளித்தார் எனக் கூறப்படுகிறது. 1920 ஜனவரி 8 அன்று சமயச் சடங்குகள் இன்றி, பதிவாளர் முன்னிலையில் இருவரும் மணம் புரிந்து கொண்டனர். பின்னர் கேம்பல்டவுனில் குடியேறினர். அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கா வழியாக ஜப்பானை அடைந்தனர்.

யமசாக்கி வடிசாலை

தக்கெத்சுரு திரும்பிய வேளையில் போருக்குப் பிந்தைய பொருளாதார மந்தம் ஜப்பானைத் தாக்கியிருந்தது. வடிசாலை அமைப்பதற்குப் பெரும் முதலீடு தேவை. வடித்த மதுவோ பல ஆண்டுகள் பீப்பாயில் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரும். அதுவரை வருவாய் ஏதும் இராது. செட்சு ஷூசோவின் பங்குதாரர்கள் திட்டத்திற்கு இசையவில்லை. போலி விஸ்கியைத் தொடர்ந்து தயாரிக்க மனமின்றித் தக்கெத்சுரு 1922 இல் பதவி விலகினார். அதன்பின் ஒசாக்காவில் உள்ள மோமோயாமா நடுநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகப் பணியாற்றினார். ரீட்டா ஆங்கிலமும் பியானோவும் கற்பித்துக் குடும்பத்திற்குத் துணை செய்தார்.

இதே காலத்தில் கோட்டோபுக்கியா நிறுவனத்தின் தலைவர் ஷின்ஜிரோ தோரீ விஸ்கி வடிசாலை ஒன்றை அமைக்க முடிவு செய்திருந்தார். இவருடைய அகதாமா போர்ட் ஒயின் விற்பனையில் பெருவெற்றி பெற்றிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வல்லுநர் ஒருவரை வரவழைக்க அவர் முயன்றபோது, தகுதியானவர் ஜப்பானிலேயே இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது என்பர். 1923 இல் தக்கெத்சுரு பத்தாண்டு ஒப்பந்தத்தில் பணியமர்த்தப்பட்டார். ஆண்டு ஊதியம் 4,000 யென். இது வெளிநாட்டு வல்லுநருக்கெனக் கருதப்பட்டிருந்த தொகையாகும்.

வடிசாலை அமையும் இடம் பற்றி இருவரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஸ்காட்லாந்தைப் போன்ற குளிர்ந்த தட்பவெப்பம் உடைய ஹொக்கைடோ தீவே ஏற்றது எனத் தக்கெத்சுரு கருதினார். சந்தைக்கு அருகில் இருப்பதும், மக்கள் வந்து பார்க்கக்கூடியதாக இருப்பதும் தேவை எனத் தோரீ கருதினார். இறுதியில் கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே, நல்ல நீருக்குப் பெயர் பெற்ற யமசாக்கி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1924 நவம்பரில் அங்கு வடித்தல் தொடங்கியது. வண்டி வண்டியாக வாற்கோதுமை உள்ளே செல்வதையும், வெளியே எதுவும் வராததையும் கண்ட ஊர் மக்கள், தானியம் தின்னும் பூதம் ஒன்று உள்ளே இருப்பதாகப் பேசிக்கொண்டனர் என்ற கதை வழங்குகிறது.

1929 இல் ஷிரோஃபுதா என்ற பெயரில் முதல் விஸ்கி விற்பனைக்கு வந்தது. அதன் புகை மணம் அக்கால ஜப்பானியரின் சுவைக்கு ஒவ்வவில்லை. விற்பனை தோல்வியுற்றது. மக்களின் சுவைக்கேற்ப விஸ்கியை மென்மையாக்க வேண்டும் என்பது தோரீயின் நிலைப்பாடு. ஸ்காட்லாந்து முறையிலிருந்து விலகக் கூடாது என்பது தக்கெத்சுருவின் நிலைப்பாடு. நிறுவனம் யோக்கொஹாமாவில் நடத்திய பியர் ஆலையின் பொறுப்பும் பின்னர் இவரிடம் தரப்பட்டது. அவ்வாலையை நிறுவனம் பிறருக்கு விற்றுவிட்டது. ஒப்பந்தக் காலம் கடந்த நிலையில் 1934 இல் தக்கெத்சுரு கோட்டோபுக்கியாவை விட்டு விலகினார்.

இவ்வேறுபாட்டில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று கூறுவதற்கில்லை. தோரீ 1937 இல் வெளியிட்ட மென்மையான விஸ்கி பெருவெற்றி பெற்றது. 1963 இல் சன்டோரி எனப் பெயர் மாறிய அந்நிறுவனமும், தக்கெத்சுருவின் நிறுவனமும் ஆகிய இரண்டுமே ஜப்பானிய விஸ்கியின் இரு பெரும் மரபுகளாக நிலைபெற்றன.

யோயிச்சியும் ஆப்பிள் சாறும்

தக்கெத்சுரு தமது சொந்த வடிசாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் சப்போரோ நகருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள யோயிச்சி. ஒரு புறம் ஜப்பான் கடல், மற்ற புறங்களில் மலைகள், குளிர்ந்த ஈரக்காற்று, தூய ஆற்று நீர் ஆகியவை இவ்விடத்தின் சிறப்புகள். பீட்டும் நிலக்கரியும் ஹொக்கைடோவிலேயே கிடைத்தன.

1934 ஜூலையில் தாய் நிப்பொன் கஜூ என்ற பெயரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. இப்பெயர் ஜப்பான் பெருநாட்டுப் பழச்சாறு எனப் பொருள்படும். ஷோத்தாரோ காகா உள்ளிட்ட சில செல்வந்தர்கள் முதலீடு செய்தனர். காகாவின் மனைவி ரீட்டாவிடம் ஆங்கிலம் பயின்றவர். இத்தொடர்பு முதலீடு கிடைக்க உதவியது.

விஸ்கி முதிரும் வரை நிறுவனத்தைத் தாங்குவதற்கு யோயிச்சியில் விளைந்த ஆப்பிள்களிலிருந்து சாறு தயாரித்து விற்பதே திட்டம். நீர் கலக்காத முழுச் சாறு என்பதால் விலை மிகுந்திருந்தது. நாட்பட்ட சாறு கலங்கியதால் கடைகளிலிருந்து திரும்பி வந்ததும் உண்டு. இத்தொழிலில் எதிர்பார்த்த இலாபம் கிட்டவில்லை.

1936 இல் முதல் செப்பு வாலை நிறுவப்பட்டது. மால்ட் விஸ்கிக்கு முதல் வடிப்புக்கு ஒன்றும் இரண்டாம் வடிப்புக்கு ஒன்றுமாக இரு வாலைகள் தேவை. பணம் போதாமையால் ஒரே வாலை இரண்டிற்கும் பயன்படுத்தப்பட்டது. 1940 அக்டோபரில் நிறுவனத்தின் முதல் விஸ்கி வெளிவந்தது. நிறுவனப் பெயரில் உள்ள நி, க என்னும் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு நிக்கா எனப் பெயரிடப்பட்டது. நிறுவனம் தொடங்கி ஆறு ஆண்டுகள் கடந்த பின்னரே இது நிகழ்ந்தது.

போர்க்காலம்

முதல் விஸ்கி வெளிவந்த சிறிது காலத்திலேயே போர்க்காலக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. இறக்குமதி நின்று போனதால் ஜப்பானியக் கடற்படைக்கு உள்நாட்டு விஸ்கி தேவைப்பட்டது. வடிசாலை கடற்படையின் கட்டுப்பாட்டில் கொண்டு வரப்பட்டு, வாற்கோதுமை ஒதுக்கீடு பெற்றது. தானியத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் வடித்தல் நிற்காமல் தொடர்ந்ததற்கு இதுவே காரணம்.

நிறுவனத்திற்கு வாழ்வளித்த போர், ரீட்டாவிற்குத் துன்பமாக அமைந்தது. அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றிருந்தும் பகை நாட்டவராகவே பார்க்கப்பட்டார். காவல் துறையினர் அவரைத் தொடர்ந்து கண்காணித்தனர். வீட்டின் வானொலி அலைவாங்கி உளவுக் கருவியோ என ஐயுற்று வீடு சோதனையிடப்பட்டது. தாய்நாட்டிலிருந்த உறவினருடன் கடிதத் தொடர்பும் அற்றுப்போனது. இத்தம்பதியினர் 1930 இல் ரிமா என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்திருந்தனர். ரீட்டா, மசத்தாக்கா ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அமைந்தது அக்குழந்தையின் பெயர். 1943 இல் தக்கெத்சுருவின் உறவினரான தக்கேஷியும் மகனாகத் தத்தெடுக்கப்பட்டார்.

போருக்குப் பிந்தைய காலம்

போருக்குப் பின் மலிவான மூன்றாந்தர விஸ்கிகள் சந்தையில் பெருகின. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி மூன்றாந்தர விஸ்கியில் மால்ட் மது 5 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருக்கும். அறவே இல்லாமலும் இருக்கலாம். இத்தகைய பொருளைத் தயாரிக்கத் தக்கெத்சுரு நீண்ட காலம் மறுத்தார். விற்பனை வீழ்ந்து கடன் பெருகியதால், பங்குதாரரின் வற்புறுத்தலுக்கு இணங்கி 1950 இல் மூன்றாந்தர விஸ்கி தயாரிக்க ஒப்புக்கொண்டார். ஆயினும் சட்டம் அனுமதித்த உச்ச அளவிற்கு மால்ட் மதுவைச் சேர்த்தார். செயற்கை வண்ணமும் நறுமணமும் சேர்க்கவில்லை. பல ஆண்டுகள் எதிர்த்த ஒன்றைத் தமது பெயரிலேயே விற்க நேர்ந்தது இவருடைய வாழ்வின் கசப்பான நிகழ்வுகளில் ஒன்றாகும்.

1952 இல் நிறுவனம் நிக்கா விஸ்கி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1954 இல் காகா தமது பங்குகளை ஆசாஹி பியர் நிறுவனத்திற்கு விற்றார். ஆசாஹியின் தலைவர் தமெசபுரோ யமமோட்டோ தக்கெத்சுருவின் பழைய நண்பர். நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினாலும் விஸ்கியின் தரம் குறித்த முடிவுகள் தக்கெத்சுருவிடமே இருந்தன. ஆசாஹியின் விற்பனை வலையமைப்பு நிக்காவிற்குப் பெரிதும் துணை செய்தது.

ரீட்டாவின் மறைவு

ரீட்டா 1961 ஜனவரி 17 அன்று தமது 64 ஆம் வயதில் காலமானார். தக்கெத்சுரு பல நாட்கள் எவரையும் சந்திக்காமல் தனித்திருந்தார். பின்னர் மகன் தக்கேஷியுடன் சேர்ந்து ஒரு புதிய கலவையை உருவாக்குவதில் முழுமையாக ஈடுபட்டார். 1962 இல் வெளிவந்த சூப்பர் நிக்கா அதன் விளைவாகும். வாயால் ஊதிச் செய்யப்பட்ட கண்ணாடிப் புட்டியில், 3,000 யென் என்ற அக்காலத்தில் மிக உயர்ந்த விலையில் இது விற்கப்பட்டது. வடிசாலையை நோக்கிய குன்றின் மீது ரீட்டாவிற்கு எழுப்பிய கல்லறையில் தமது பெயரையும் அப்போதே பொறிக்கச் செய்தார்.

இறுதிக் காலம்

1963 இல் நிஷினோமியாவில் இருந்த ஆலையில் காஃபி வாலை நிறுவப்பட்டது. புதிய தொடர் வாலைகளைக் காட்டிலும் இது செயல்திறன் குறைந்தது. எனினும் தானியத்தின் மணத்தை மதுவில் மிகுதியாக விட்டு வைப்பதால் தக்கெத்சுரு இதையே விரும்பினார். போனெஸில் கற்றதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்விருப்பம் நிறைவேறியது.

ஒன்றிலிருந்து ஒன்று மாறுபட்ட இரு மால்ட் மதுக்கள் இருந்தாலன்றி நல்ல கலவை விஸ்கி அமையாது என்பது இவரது கொள்கை. இரண்டாம் வடிசாலைக்கு இடம் தேடியபோது, செந்தாய் நகருக்கு அருகில் நிக்காவா என்னும் ஆற்றின் நீரைத் தமது பிளாக் நிக்கா விஸ்கியில் கலந்து பருகிப் பார்த்து, அங்கேயே அவ்விடத்தை முடிவு செய்தார். ஆற்றின் பெயர் நிறுவனத்தின் பெயரை ஒத்திருப்பது தற்செயலானது. மியாகிக்கியோ எனப்படும் அவ்வடிசாலை 1969 இல் நிறைவு பெற்றது. தக்கெத்சுரு 1979 ஆகஸ்ட் 29 அன்று தமது 85 ஆம் வயதில் காலமானார். யோயிச்சியில் ரீட்டாவின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

வடிக்கும் முறை

யோயிச்சியில் வாலைகள் இன்றும் நிலக்கரி நெருப்பால் நேரடியாகச் சூடேற்றப்படுகின்றன. ஸ்காட்லாந்திலேயே பெரும்பாலும் கைவிடப்பட்ட முறை இது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை தொழிலாளர் கரியை அள்ளிப் போட்டு நெருப்பைச் சீராக வைத்திருக்க வேண்டும். இம்முறையில் சற்றே கருகிய மணமும் அழுத்தமான சுவையும் கிடைக்கின்றன. நீராவியால் சூடேற்றப்படும் மியாகிக்கியோவின் மது இதற்கு மாறாக மென்மையானது. வாலைகளின் கழுத்தில், சாக்கே வடிப்போரின் வழக்கப்படி, புனிதமாகக் கருதப்படும் வைக்கோல் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. தக்கெத்சுருவின் குடும்ப மரபின் நினைவாக இது விளங்குகிறது.

அரிய புட்டிகளும் சேகரிப்போரும்

ஒரே வடிசாலையில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து மட்டுமே வடிக்கப்பட்ட விஸ்கி ஒற்றை மால்ட் விஸ்கி எனப்படும். பீப்பாயில் உள்ள மதுவில் ஸ்காட்லாந்தின் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகி விடுகிறது. எனவே முதிர்ந்த மது எப்போதும் அளவில் குறைந்ததே. புட்டியில் அடைத்த பின் அது மேலும் முதிர்வதில்லை. வடிசாலை மூடப்பட்டால் அதன் மது மீண்டும் கிடைப்பதில்லை. அரிய விஸ்கிகளைச் சேகரிப்போர் இவற்றிற்குப் பெருவிலை கொடுப்பதன் காரணம் இதுவே.

தக்கெத்சுரு பயின்ற மூன்று வடிசாலைகளில் லாங்மோர்ன் மட்டுமே நிலைத்தது. மற்ற இரண்டும் 1920 களில் மூடப்பட்டன. ஹேசல்பர்ன் என்ற பெயரை, அதே ஊரில் உள்ள ஸ்பிரிங்பேங்க் வடிசாலை தனது மும்முறை வடித்த மால்ட் விஸ்கிக்குச் சூட்டியுள்ளது. மூடப்பட்ட ஹேசல்பர்னில் மது எவ்வாறு வடிக்கப்பட்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவருடைய குறிப்பேடுகள் முதன்மையான சான்றாக உள்ளன.

2001 இல் யோயிச்சியின் பத்தாண்டு ஒற்றைப் பீப்பாய் விஸ்கி, பிரித்தானிய விஸ்கி இதழ் ஒன்று நடத்திய சுவைத் தேர்வில் முதலிடம் பெற்றது. 2008 இல் 1987 ஆம் ஆண்டு வடித்த யோயிச்சி, உலகின் சிறந்த ஒற்றை மால்ட் விஸ்கி என்ற விருதைப் பெற்றது. இதன்பின் பழைய யோயிச்சிப் புட்டிகள் ஸ்காட்லாந்தின் அரிய மால்ட்களுக்கு இணையாகச் சேகரிப்போரால் தேடப்பட்டன. இருப்புக் குறைந்ததால் யோயிச்சி, மியாகிக்கியோ ஆகியவற்றின் வயது குறித்த வகைகளை 2015 இல் நிறுவனம் நிறுத்தியது. 2022 இல் பத்தாண்டு யோயிச்சி சிறிய அளவில் மீண்டும் வெளிவந்தது.

நினைவுகள்

யோயிச்சியில் தொடருந்து நிலையத்தை ஒட்டிய முதன்மைச் சாலை ரீட்டாவின் பெயரால் அழைக்கப்படுகிறது. இவர்கள் வாழ்ந்த வீடு வடிசாலை வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1989 இல் நிக்கா நிறுவனம் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரில் உள்ள பென் நெவிஸ் வடிசாலையை வாங்கியது. 2000 இல் தக்கெத்சுருவின் பெயரிலேயே ஒரு மால்ட் விஸ்கி வெளியிடப்பட்டது. 2014–2015 இல் ஜப்பானியத் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே, இத்தம்பதியினரின் வாழ்வைத் தழுவிய மஸ்ஸான் என்ற தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பியது. 2022 இல் யோயிச்சி வடிசாலைக் கட்டடங்கள் ஜப்பானின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாக அறிவிக்கப்பட்டன.

காலவரிசை

1894 – தக்கெஹாராவில் பிறப்பு
1918 – ஸ்காட்லாந்துப் பயணம்
1920 – ரீட்டாவுடன் திருமணம், நாடு திரும்பல்
1924 – யமசாக்கியில் வடித்தல் தொடக்கம்
1934 – யோயிச்சியில் சொந்த நிறுவனம்
1940 – முதல் நிக்கா விஸ்கி
1961 – ரீட்டாவின் மறைவு
1969 – மியாகிக்கியோ வடிசாலை
1979 – மறைவு